வெளியே எதுவும் பிழைக்காது

1

சனிக்கிழமை காலையில்தான் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து போன் வரும். அங்கே அப்போது சாயங்காலம். அம்மா விளக்கேற்றிவிட்டு, சீரியல் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசுவாள். வேறு நாளில், வேறு நேரத்தில் 91 என்று தொடங்கும் இந்திய எண் வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் முதலில் நினைப்பேன். குரல் அதற்குப் பிறகுதான் காதில் விழும். வெளிநாட்டில் இருக்கிற பலருக்கும் இந்த வியாதி உண்டு, சொல்லிக்கொள்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அப்படி ஒரு போன் வந்தது. நான் ஆய்வுக்கூடத்தில் கையுறையோடு நின்றிருந்தேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

“அண்ணி, நான் தேவி பேசறேன். அத்தைக்குத் தெரியாம மாடியில வந்து பேசறேன்.”

தேவி என் தம்பி செந்திலின் மனைவி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் அம்மா, செந்தில், தேவி மூன்று பேரும் இருக்கிறார்கள். தேவி எனக்குத் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“அத்தைக்குக் கர்ப்பப்பையில கட்டி அண்ணி. பொங்கலுக்கு முன்னாடியிலேருந்தே ரத்தம் படுதாம். யார்கிட்டயும் சொல்லல. போன வாரம் துணி தொவைக்கற இடத்துல மயக்கம் வந்து உக்காந்துட்டாங்க. அப்பறம்தான் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஆபரேசன் பண்ணணுமாம். சாதாக் கட்டியா, வேற மாதிரியான்னு எடுத்துப் பாத்தாதான் தெரியும்னு சொல்றாங்க.”

“சனிக்கிழமைகூட பேசுனேனே தேவி. ஏன் யாரும் சொல்லல?”

“சொன்னா நீங்க கெளம்பி வந்துருவீங்களாம். வந்தா உங்களத் திரும்ப அமெரிக்காவுக்குள்ள விடமாட்டாங்களாம். எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல.”

போனை வைத்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே பனி உருகி நிலம் சேறாகக் கிடந்தது. உடம்புக்கு முடியாத நேரத்தில் மகள் வந்துவிடக் கூடாதே என்று எந்த அம்மா பயப்படுவாள்? கடலூரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

2

என் பெயர் மங்கையர்க்கரசி. அப்பா கலியபெருமாள் நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தாள். இந்த ஊரில் என் பெயரைச் சொல்ல யாராலும் முடியவில்லை. அப்பா பெயரைப் பாதியாக வெட்டி என்னை டாக்டர் காளி என்று கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்தினேன். பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

2004இல் சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்களுக்கு அடியில் இருக்கும் சேற்றை எடுத்துவந்து, அதில் எந்தெந்த பாக்டீரியா உப்பையும் நச்சையும் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. படிக்கும்போதே தனசேகரோடு கல்யாணம் ஆனது. யாழினி பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது முடிந்ததும், 2007இல், மூன்று பேரும் இந்த மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் பல்கலைக்கழக ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே என் வேலை பாக்டீரியாவை வைத்து எரிபொருள் தயாரிப்பது. ரொம்பச் சாதாரணமான ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் நாலைந்து மாற்றங்கள் செய்வோம். அப்படிச் செய்தால், சர்க்கரையைத் தின்று வண்டிக்கு ஊற்றக்கூடிய ஒருவகைச் சாராயத்தை அது வெளியே விடும். மண்ணைத் தோண்டி எடுக்கும் பெட்ரோலுக்குப் பதிலாக, வருஷா வருஷம் விளையும் பயிரிலிருந்து எரிபொருள். நான் வந்த புதிதில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் வேலைக்குப் பெரிய மரியாதை இருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சாராயம் அதை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கே விஷம். கொஞ்சம் சேர்ந்ததும் செத்துப்போகும். அதனால் தினமும் பிழைத்திருப்பவற்றை எடுத்து, நேற்றைவிட ஒரு துளி அதிகம் சாராயம் கலந்த புதுத் திரவத்தில் விடவேண்டும். மறுநாள் அதில் பிழைத்தவற்றை எடுத்து மறுபடியும். ஒருநாள் விட்டால் வரிசை அறுந்துபோகும். மூன்று வருஷம் அப்படி வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் போவேன். காய்ச்சலோடும் போயிருக்கிறேன்.

எங்கள் மூன்று பேருடைய விசாவும் இந்த வேலையில்தான் தொங்குகிறது. தனசேகர் சென்னையில் கட்டட இன்ஜினியராக இருந்தவர். என்னைச் சார்ந்து வந்ததால் இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. சமைக்கிறார், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்.

3

2010 ஆவணியில் செந்திலுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் விசாக் காலம் முடிந்து, தங்கும் அனுமதி மட்டும் இந்தியா போகாமலேயே நீட்டிக்கப்பட்டிருந்தது. வெளியே போனால் சென்னையில் தூதரகத்துக்குப் போய்ப் புது விசா குத்திக்கொண்டுதான் திரும்ப முடியும்.

ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி மெய்லின். சீனப் பெண். நான் ஊருக்குப் போகிறேன் என்றதும் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளும் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போய், விசாவுக்காகப் பல மாதம் பீஜிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். “நம் வேலையின் பெயரைக் கேட்டாலே தனியாக விசாரிப்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து போகாதே. ஒருத்தர் மாட்டினால் போதும்” என்றாள்.

அதனால் நான் மட்டும் கிளம்பினேன். இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று யாழினியிடம் சொன்னேன். நாலு வயதுக் குழந்தை. இரண்டு வாரம் என்றால் என்ன என்று கேட்டாள். இரண்டு சனிக்கிழமை என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் சென்னைக்குப் போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி எரிபொருள் எடுக்கிறோம் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“அந்த பாக்டீரியா ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போய்விட்டால்?”

இந்தக் கேள்விக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன். ஆய்வுக்கூடத்து பாக்டீரியா சொகுசாக வளர்ந்தது. நாங்கள் கொடுக்கும் தீனியும் சூடும் இல்லாவிட்டால் செத்துவிடும். வெளியே போனா ஒண்ணும் பொழைக்காது சார் என்று மனசுக்குள் தமிழில் ஓடியது. அதையே அப்படியே இங்கிலீஷில் விட்டேன்.

“அவுட்சைட், நத்திங் வில் சர்வைவ்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னது எனக்கே அப்போதுதான் கேட்டது. என் பாக்டீரியாவில் ஒன்றுகூடப் பிழைக்காது என்று சொல்ல வந்தவள், அது வெளியே வந்தால் உலகத்தில் எதுவுமே பிழைக்காது என்று சொல்லியிருந்தேன். இல்லை இல்லை, நான் சொன்னது பாக்டீரியாவை என்று அவசர அவசரமாக விளக்கினேன். விளக்க விளக்க வாய் உளறியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ தட்டினார். பாஸ்போர்ட்டோடு ஒரு தாளைத் தள்ளினார். கூடுதல் விசாரணை தேவை, முடிந்ததும் தகவல் வரும், காத்திருக்கவும்.

எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் துறைக்காரர்கள் யார் போனாலும் அந்த விசாரணை உண்டு, நீ என்ன சொல்லியிருந்தாலும் அதே தாளைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு இன்றுவரை அந்த நாலு வார்த்தை மேல்தான் சந்தேகம்.

4

ஆவணி போய் புரட்டாசி வந்தது. இரண்டு சனிக்கிழமையும் போய்விட்டன. மின்னஞ்சல் அனுப்பினால், உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில்தான் எப்போதும் வரும். கம்ப்யூட்டரே அனுப்புகிறது போல. தினமும் காலையில் எழுந்ததும் ரயிலடிப் பக்கம் இருக்கும் நெட் சென்டருக்கு ஓடுவேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஓரத்து மெஷினைக் காட்டுவார். அதில்தான் கேமரா இருந்தது.

தெருவில் முதலில், “லீவு ஜாஸ்தியா போட்டியாம்மா?” என்று கேட்டார்கள். பிறகு, “இன்னும் போவலியா?” என்றார்கள். அப்புறம் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டார்கள். ஒருநாள் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

“ஒன் வீட்டுக்காரரு ஒன்னத் தள்ளிவெச்சுட்டாராமே. எதிர்வீட்டுக்காரம்மா கேக்குது.”

“நீ என்ன சொன்ன?”

“கிருமி ஆராய்ச்சி பண்றா, அதனால கவர்மென்ட்டுல வெசாரிக்கறாங்கன்னு சொன்னேன்.”

“அய்யய்யோ, ஏம்மா?”

“பின்ன இன்னாடி சொல்ல?”

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் தன் குழந்தையை என்னிடம் வரவிடாமல் இழுத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சொந்தத் தெருவே இப்படி நினைத்தால், என்னைத் தெரியாத ஒரு அலுவலகத்தில் என் பெயரை வைத்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அதைவிடப் பெரிய பயம் அந்த நெட் சென்டரில் இருந்தது. முதல் வாரங்களில் யாழினி திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அம்மா, இப்பவே வா” என்று அழுவாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒருநாள் இணைப்பு கிடைத்தபோது அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டிவி ஓடியது.

“யாழினி, அம்மா பேசறேன் பாரு.”

“ஹாய்” என்றாள்.

“சாப்டியாம்மா?”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்து இங்கிலீஷில் கேட்டாள். “அவள் என்ன சொல்கிறாள்? நான் போய் விளையாடலாமா?” தனசேகர் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டார். “பள்ளிக்கூடத்துல பேசிப் பேசி அப்படி வருது. நீ வந்தா சரியாயிடும்” என்றார். அவர் குரல் அப்படி இல்லை.

என் பாக்டீரியா வரிசையை மெய்லின் பார்த்துக்கொண்டாள். தன் வேலையையும் செய்துகொண்டு என்னுடையதையும் தினமும் மாற்றிவைத்தாள். எப்படி இருக்கிறது என்று விவரமாகக் கேட்டு எழுதினேன். ஒற்றை வரியில் பதில் வந்தது. “நன்றாக இருக்கிறார்கள். மெயிலில் இதைப் பற்றி எழுதாதே.” அதைப் படித்ததும் நெட் சென்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். ரயில் டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தான்.

5

தீபாவளி முடிந்த சமயம் என் பேராசிரியை எழுதினார். நல்ல மனுஷிதான். மெய்லினின் சோதனையில் பாக்டீரியா ஒரு எல்லைக்கு மேல் தாங்கவில்லையாம். நான் சிதம்பரத்தில் படித்தபோது பிச்சாவரம் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா நச்சை நன்றாகத் தாங்கியது. அதன் மரபணு கிடைத்தால் இங்கே பொருத்திப் பார்க்கலாம். “அங்கேதானே இருக்கிறாய், வரும்போது கொண்டுவர முடியுமா?” கடைசி வரியில், டிசம்பருக்குள் நான் வராவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். என்னோடு படித்த ஷம்ஷாத் அங்கேயே விரிவுரையாளராக இருக்கிறாள். பரங்கிப்பேட்டைக்காரி. பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். படிக்கும் காலத்தில் சேற்றில் இடுப்பளவு இறங்கி, மேலே நின்ற என்னிடம் குழாயை நீட்டியவள். என்னைப் பார்த்ததும், “ஏன்டி இப்படி எளச்சுட்ட?” என்றாள். பேராசிரியையின் கடிதத்தைச் சொன்னேன். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து சுண்டுவிரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

“நீ எடுத்ததுதான். வருசா வருசம் மாத்தி வளத்துக்கிட்டுதான் இருக்கேன். எடுத்துட்டுப் போ.”

“அதுக்குப் பர்மிஷன் வாங்கணும் ஷம்ஷாத். நம்ம நாட்டுலேருந்து வெளியே கொண்டுபோவ ஒரு அனுமதி, அங்க உள்ள கொண்டுபோவ ஒரு அனுமதி.”

“அது வர்றதுக்குள்ள ஒன் மக காலேஜ் போயிருவா. லிப்ஸ்டிக் கூட போட்டு எடுத்துட்டுப் போடி. யாருக்குத் தெரியும்?”

உண்மைதான். யாருக்கும் தெரியாது. எல்லாப் பிரச்சினைக்கும் பதில் அந்தக் குழாயில் இருந்தது. வேலை இருக்கும், பேராசிரியை சந்தோஷப்படுவார், மூன்று வருஷ உழைப்பு கரையேறும். நான் அதைக் கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. விமான நிலையத்தில் ஒருவர் இதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்பதுபோல் மனசில் வந்தது. ஏற்கெனவே விசாரணையில் இருப்பவள். பிறகு யாழினியை எந்தக் கேமராவில் பார்ப்பேன்?

“வேணாம்டி” என்று திருப்பிக் கொடுத்தேன். “முறையா அனுமதி வாங்கு. நானும் அந்தப் பக்கத்துலேருந்து எழுதறேன். வர்றப்ப வரட்டும்.”

அவள் குழாயை வாங்கித் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாள். “நீ எப்பவும் கரையிலயே நிக்கறவ” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள்.

அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது என்று பேராசிரியைக்கு எழுதினேன். புரிகிறது என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூக்கம் கெட்டேன்.

6

கார்த்திகையில் ஒருநாள் தகவல் வந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பு, விசா தயார். காரணம் எதுவும் சொல்லவில்லை. தடுத்ததற்கும் சொல்லவில்லை, விட்டதற்கும் சொல்லவில்லை.

அம்மா அழுதுகொண்டே பெட்டி கட்டினாள். நான் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன். ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். கருவேப்பிலைப் பொடியைக்கூட எடுத்துவிட்டேன். விமானத்தில் கொடுத்த சுங்கத் தாளில் மண், விதை, கிருமி எதுவும் கொண்டுவரவில்லை என்று நிம்மதியாகக் குறித்தேன்.

அமெரிக்காவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி என்னைத் தனி அறைக்கு அனுப்பினார். இன்னொருவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். பிறகு கைப்பையைக் கவிழ்த்தார். ஜிப்புக்குள் ஜிப்பாக இருந்த சின்ன அறையிலிருந்து, தினசரித் தாளில் மடித்து நூல் சுற்றிய ஒரு பொட்டலம் விழுந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை. அவர் பிரித்தார். உள்ளே சிவப்பாக மண்.

எனக்கு நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் புற்றுமண். பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது அம்மா நெற்றியில் இட்டுவிடுவது. இந்தத் தடவை நெற்றி போதாது என்று நினைத்திருக்கிறாள்.

“இது என்ன?”

“மண்” என்றேன்.

“மண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே. உங்கள் தொழில் என்ன?”

“பாக்டீரியா” என்றேன்.

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு சிட்டிகை மண்ணில் எத்தனை கோடி பாக்டீரியா இருக்கும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இது கோயில் மண், என் அம்மா வைத்தது, பாம்பு இருக்கும் வீட்டு மண் என்றேன். புற்றுக்கு இங்கிலீஷ் வரவில்லை. பாம்பு என்றதும் அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இருவரும் என்னிடம் மாறி மாறி அதே கேள்விகளைக் கேட்டார்கள். யாருக்காகக் கொண்டுவருகிறாய்? ஆய்வுக்கூடத்துக்கா? உன் பேராசிரியைக்குத் தெரியுமா? பேராசிரியைக்குப் போன் போட்டார்கள். அவர் என்ன சொன்னாரோ, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதிகாரி தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. இப்படியே அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், யாழினி வெளியே நின்றுகொண்டிருப்பாள், அவளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பிப் போவேன் என்று நினைத்தேன். உட்காரலாமா என்று கேட்கவும் பயம்.

கடைசியில் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். வயதான அதிகாரி ஒருவர் வந்து எச்சரித்தார். இனிமேல் உங்கள் அம்மா பெட்டி கட்டினால் நீங்களே திறந்து பாருங்கள் என்றார். முத்திரை குத்தினார்.

வெளியே தனசேகர் களைத்துப் போய் நின்றார். யாழினி அவர் காலுக்குப் பின்னால் இருந்தாள். நான் முட்டி போட்டுக் கையை நீட்டினேன். அவள் வரவில்லை. அப்பாவின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் போய்விடுவாளா என்று இங்கிலீஷில் அவரிடம் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

7

அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன்.

“நானே ஒன்னப் புடிச்சுக் குடுக்கப் பாத்தனா?” என்றாள் அம்மா.

“அதெல்லாம் இல்லம்மா. ஒண்ணும் ஆவலயே.”

“சாமி மண்ணுன்னுதானடி வெச்சேன்.”

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒடிந்துபோனது. அதற்கு முன் யார் அமெரிக்கா வந்தாலும் வடகம், பருப்புப்பொடி என்று கொடுத்தனுப்புவாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எப்ப வர்ற என்று ஒவ்வொரு போனிலும் கேட்பவள், அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

போன டிசம்பர் கடைசியில் கடலூரைப் புயல் அடித்தது. நாலு நாள் ஒரு போனும் போகவில்லை. நெட்டில் வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி எங்கள் தெரு தெரிகிறதா என்று தேடினேன். விழுந்த மரங்களும் கம்பங்களும்தான் தெரிந்தன. ஐந்தாம் நாள் செந்தில் எங்கிருந்தோ ஒரு போனில் அம்மாவைப் பேச வைத்தான். அவள் முதலில் சொன்ன வார்த்தை, “நாங்க நல்லா இருக்கோம், நீ வராத.” பின்கட்டுக் கூரை பறந்துபோனதைப் பிறகுதான் சொன்னாள். அப்போதே அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. நான் போகவில்லை.

8

இப்போது மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறேன். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முடிந்துவிட்டது. போனால் மறுபடியும் சென்னை, மறுபடியும் அந்தக் கண்ணாடி. ஷம்ஷாத்தின் குழாய்க்கு அனுமதி வந்து, அந்த மரபணுவைப் பொருத்தி, இப்போதுதான் பாக்டீரியா நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாங்குகிறது. ஒரு சின்னப் பாட்டில் நிறைய எரிபொருள் சேர்ந்திருக்கிறது. அதே நேரம் இந்தத் துறைக்கு வரும் பணமும் குறைந்துகொண்டே வருகிறது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு உறுதி சொல்ல முடியாது, இப்போது போய் மாட்டிக்கொண்டால் என்னால் எதுவும் செய்ய முடியாது என்று பேராசிரியை நேராகவே சொல்லிவிட்டார்.

தேவி பேசிய அன்று சாயங்காலம் தனசேகரிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

“நீ மட்டும் போவாத” என்றார்.

“அப்ப அம்மாவ யாரு பாக்கறது?”

“போவாதன்னு சொல்லல. தனியாப் போவாதன்னு சொல்றேன். போன தடவ பாப்பா ராத்திரியில எழுந்து கதவுகிட்ட போய் உக்காந்துக்கும். நான் ஒங்கிட்ட சொன்னதில்ல. இன்னொரு தடவ என்னால முடியாது. மூணு பேரும் போவோம். மாட்டுனா மூணு பேரும் சேந்து மாட்டிப்போம்.”

“வேல போயிடும். விசா போயிடும். இந்த அஞ்சு வருசம்?”

“போனா கடலூர்ல வீடு கட்டித் தரேன்” என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

யாழினிக்கு இப்போது ஆறு வயது. பாட்டி ஊருக்குப் போகிறோம் என்றதும், அங்கே உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்களே, அந்த இடமா என்று கேட்டாள். யாரும் பிடிக்கவில்லை, கொஞ்ச நாள் காத்திருந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. தன் பள்ளிக்கூடப் பையில் ஒரு பொம்மையையும் டார்ச் லைட்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நேற்று சனிக்கிழமை. அம்மாவுக்கு நானே போன் செய்தேன். வழக்கம்போல் மழை, வெயில், கரண்ட் என்று தொடங்கினாள். இடையில் நிறுத்தினேன்.

“அம்மா, தேவி எல்லாம் சொல்லிட்டா.”

பின்னால் ஓடிய டிவி நின்றது.

“அவளுக்கு வாய் ஜாஸ்தி.”

“அடுத்த வாரம் வரோம். அவுங்களும் பாப்பாவும்கூட வராங்க. டிக்கெட் போட்டாச்சு.”

“வேணாம்டி. சின்னக் கட்டிதான், எடுத்துட்டா சரியாப் பூடும். நீ வந்தா மறுபடியும் நிறுத்திப்புடுவாங்க.”

“நிறுத்தட்டும்மா.”

“ஒன் வேல?”

“பாத்துக்கலாம்.” இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

“அந்தப் பூச்சிங்க? தெனம் நீ போயி மாத்திவெக்கணும்பியே. இல்லாட்டி செத்துப் பூடும்பியே.”

“ஃபிரீசர்ல வெச்சுட்டு வரேன்மா. சாவாது. உள்ள அப்படியே தூங்கும்.”

“எத்தினி நாளு?”

“எத்தினி நாளானாலும்.”

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவது கேட்டது. தேவிக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. திரும்பி வந்து ரொம்பச் சன்னமாகப் பேசினாள்.

“அப்ப வாடி. எனக்கு பயமா இருக்கு.”